வயரைக் கழற்றிய பிறகும் வந்த பதில்

சமாதானப் பேச்சு முறிந்து யுத்தம் மறுபடி தொடங்கிய நேரம் அது. நான் கண்டியில், ஆஸ்பத்திரிப் பக்கமாக உள்ள வீதி ஒன்றில், ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எல்லோரும் அதை 'லாப்' என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து கொம்பியூட்டர் படித்து, அங்கே வேலை கிடைக்காமல் கண்டிக்கு வந்தவள் நான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். அறை எடுத்த அன்றே வீட்டுக்கார அம்மா என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் பதிந்தார். அப்போது அது தமிழர்களுக்குப் பழகிப்போன காரியம்.

லாப்பில் என் வேலை கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. பின்பக்கம் ஒரு சின்ன அறையில் சேர்வர் இருந்தது. நோயாளிகளின் பெயர், பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள்தான். முன் கவுண்டரில் உள்ள கொம்பியூட்டரும், உள்ளே பரிசோதனை அறைகளில் உள்ளவையும் வயர் வழியாக அந்தச் சேர்வரோடு பேசினால்தான் முடிவை அச்சடித்துக் கொடுக்கலாம். அந்தத் தொடர்பு அறுந்தால் லாப் படுத்துவிடும்.

கவுண்டரில் இருந்த பெண் சிங்களப் பிள்ளை. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளைச் சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தமுள்ள 'நங்கி' என்பேன். பகலில் இரண்டு பேரும் சோற்றுப் பார்சலைப் பிரித்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவளுடைய அண்ணன் இராணுவத்தில், வடக்கில் எங்கோ இருந்தான். அவனிடமிருந்து போன் வராத நாட்களில் அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுவாள். என் அப்பாவும் அம்மாவும் அதே வடக்கில்தான் இருந்தார்கள். யுத்தத்தால் வடக்குப் பாதை மூடியிருந்ததால் எனக்கும் அழுவதற்குக் காரணம் இருந்தது. ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்ளாமல் அழுதிருக்கிறோம்.

அவளுக்கு நான் கொஞ்சம் வேலை பழக்கியிருந்தேன். நெட்வேர்க்கில் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒரு எண் உண்டு, வீட்டு இலக்கம் மாதிரி. சேர்வரின் எண்ணை அவளுக்கு மனப்பாடமாக்கி, நான் வராத நாளில் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வருகிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதையும் காட்டிக் கொடுத்தேன். 'பிங்' பண்ணுவது என்போம். பதில் வரிவரியாகத் திரையில் ஓடுவதைப் பார்த்து அவள் கைதட்டிச் சிரித்தாள். எங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் அந்த எண் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை தொடர்பு அறுந்தது. முன் கவுண்டர்த் திரையில் சேர்வரைக் காணவில்லை என்று செய்தி வந்தது. உள்ளறைகளிலும் அதே கதை. நான் ஓடிப்போய் பிங் பண்ணினேன். பதில் ஒழுங்காக வந்தது. பதில் வருகிறதே, அப்படியானால் வயரில் கோளாறு இல்லை, டேட்டாபேஸில்தான் ஏதோ சிக்கல் என்று நினைத்து அதற்குள் தலையை விட்டேன். சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அது தன் பாட்டில் நன்றாகத்தான் ஓடியது. வெளியிலிருந்துதான் யாராலும் அதைத் தொட முடியவில்லை. பகல் கழிந்ததும் தானாகவே எல்லாம் சரியானது. செவ்வாய்க்கிழமை காலையும் அதே கோளாறு. வயர்களின் நுனிகளை வெட்டிப் புதிதாகப் பொருத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் மறுபடி தானாகச் சரிவந்தது.

அது டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த காலம். முடிவுக்குக் காத்திருந்தவர்கள் கவுண்டரில் நெருக்கினார்கள். கையில் எழுதிக் கொடுத்தோம். எழுதியதில் ஒன்று மாறிப்போய், ஒரு தாய் இன்னொரு பிள்ளையின் முடிவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வத்தேகம, கடுகண்ணாவைப் பக்கம் போய் இரத்த மாதிரிகளை எடுத்து வரும் எங்கள் வான் டிரைவர்தான் ஓடிப்போய் வார்டு வாசலில் அவளைப் பிடித்துத் தாளை மாற்றிக் கொடுத்தார். மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, இது வெளயாட்டு இல்ல. ஒரு உசிரு போயிட்டா நாங்க எல்லாரும் பதில் செல்லணும்," என்றார்.

"ஓம் நானா. நாளைக்கு எப்பிடியும் பிடிச்சிடுவன்," என்றேன்.

புதன்கிழமை காலை நான் லாப்புக்குள் நுழைந்தபோது சேர்வர் அறை வாசலில் பொலிஸ் நின்றது.

அந்த வாரம் தெற்கில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்க்காத நாட்கள். மேனேஜர் பொலிசுக்குப் போன் பண்ணியிருக்கிறார். சேர்வர் அறைத் திறப்பும் பாஸ்வேர்டும் ஒரு யாழ்ப்பாணப் பெண்ணிடம்தான் இருக்கின்றன, இரண்டு நாட்களாக யாரோ உள்ளே புகுந்து ஏதோ செய்கிறார்கள், இராணுவக் குடும்பங்களின் விபரமும் இதற்குள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் என்னோடு ஒருநாளும் கோபமாகப் பேசியவர் இல்லை. அன்றும் கோபப்படவில்லை. "உட்காரு, கேட்பதற்குப் பதில் சொல்லு," என்று சிங்களத்தில் அமைதியாகச் சொல்லி ஒரு கதிரையைக் காட்டினார்.

வந்தவர்களில் பெரியவர் சிவில் உடுப்பில் இருந்தார். சிரித்த முகம். என் அடையாள அட்டையை வாங்கினார். அதில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. வடக்கில் எடுத்த அட்டை என்பதற்கு அதுவே போதும். கைப்பையைக் கொட்டினார்கள். சீப்பு, குடை, வயர் நுனி பொருத்தும் குறடு. அந்தக் குறட்டை அவர் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எதற்கு என்று நான் சொன்னதை இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் மேனேஜர் தன் அறைக்குப் போய்வந்தார்; கொஞ்ச நேரத்தில் முன்னால் வழக்கம்போலத் தொடர்பு அறுந்தது. கவுண்டரில் சத்தம் கேட்டது.

"என்னைப் பார்க்க விடுங்கோ சேர், நான் சரிப்படுத்துவன்," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

"நீ ஒன்றையும் தொடக்கூடாது," என்றார் அதிகாரி. பிறகு என்ன நினைத்தாரோ, "வாயால் சொல்லு. வேறு ஆள் செய்யட்டும்," என்றார்.

கவுண்டர்ப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள் சேர்வர் அறையிலேயே இருந்த இன்னொரு கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் கதிரையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சேர்வரின் எண்ணைக் கூப்பிடச் சொன்னேன். பதில் வரிவரியாக ஓடியது.

இரண்டு நாட்களாக நான் ஓடி ஓடிப் பார்த்த அதே வரிகள். அன்று ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பதில் வருகிறது, சரி. பதில் சொல்வது எங்கள் சேர்வர்தானா?

"சேர், அந்தச் சேர்வருக்குப் பின்னால் நீல வயர் இருக்கு. அதைக் கழற்றுங்கோ," என்றேன்.

மேனேஜர் வேண்டாம் என்றார். அதிகாரிக்கு ஆவல் வந்துவிட்டது. தானே குனிந்து கழற்றினார். இப்போது சேர்வருக்கும் வெளியுலகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. திரையில் பதில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வரி வரியாக வந்துகொண்டே இருந்தது.

பயத்தை மறந்துவிட்டேன். சேர்வரின் எண்ணை வேறு ஏதோ ஒன்றும் வைத்திருக்கிறது, ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரன் குழம்புவது மாதிரி எல்லாக் கொம்பியூட்டர்களும் குழம்பித் தவறான வாசலைத் தட்டுகின்றன என்று விளக்கினேன். எல்லா வயர்களும் வந்து சேரும் பெட்டி சுவரில் இருந்தது. அவள் முன்னால் இருந்த கொம்பியூட்டரின் வயரை விட்டு, மற்றவற்றை அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். அதிகாரி கழற்றினார்.

"வருதா?" என்று ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்.

"வருது," என்பாள் அவள்.

ஒரு வயரைக் கழற்றியதும் திரை நின்றது.

"நின்றுவிட்டது," என்றாள்.

அந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். மேனேஜரின் அறைக்குப் போனது. அங்கே மேசைக்குக் கீழே, வயர் இல்லாமல் இன்டர்நெட் பார்ப்பதற்கான ஒரு சின்னப் பெட்டி இருந்தது. சனிக்கிழமை அவருடைய மகன் கொண்டுவந்து பூட்டியிருக்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லை. மேனேஜர் காலையில் வந்து அதைப் போடுவார், பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது நிறுத்துவார். எங்கள் தொடர்பு அறுந்ததும் திரும்ப வந்ததும் அந்த நேரங்களில்தான்.

பெட்டியை நிறுத்தி, சேர்வர் வயரைத் திரும்பப் பூட்டினார்கள். முன் கவுண்டரில் பிரிண்டர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. தேங்கிக் கிடந்த முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகின. சனங்களின் பெயர்களை யாரோ உரத்துக் கூப்பிட்டார்கள். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. முடிந்தது, அட்டையையும் பையையும் தந்துவிடுவார்கள், ஒருவேளை மன்னிப்பும் கேட்பார்கள் என்று நினைத்துச் சிரித்தேன்.

மேனேஜர்தான் முதலில் பேசினார்.

"இரண்டு நாளாகக் கண்டுபிடிக்க முடியாததை, இப்போது கதிரையில் உட்கார்ந்தபடி எப்படிக் கண்டுபிடித்தாள்? செய்தவளுக்குத்தானே எங்கே கிடக்கிறது என்று தெரியும்?"

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரித்த முகம் மாறியதை நான் கண்டேன்.

மகனுக்குப் போன் போட்டார்கள். பெட்டிக்கு ஏதாவது எண் கொடுக்க வேண்டியிருந்தது, இங்கே என்ன எண் என்று லாப்பில் கேட்டேன், சொன்னார்கள், போட்டேன் என்றானாம். யார் சொன்னது? ஞாபகமில்லை, லாப்பில் ஒரு பெண் என்றானாம்.

எண் தெரிந்த பெண்கள் இரண்டே பேர். சனிக்கிழமை எனக்கு லீவு என்றேன்; போனில் சொல்லியிருக்கலாமே என்றார் மேனேஜர். நான் கவுண்டர்ப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே எண்ணை, கேட்டவனுக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பாள். அதைச் சொன்னால் போதும். யாரும் அவளைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், மிஞ்சினால் மேனேஜர் ஏசுவார்.

"நங்கி, சொல்லம்மா," என்றேன். "நீ சொன்னதில் பிழை இல்லை. அவன் கேட்டான், நீ சொன்னாய். அதை மட்டும் சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்றும் தெரியாது சேர். இந்த அக்கா சொல்லச் சொல்ல அடித்தேன். அவ்வளவுதான்."

என்னை ஜீப்பில் ஏற்றியபோது முடிவுக்குக் காத்திருந்த சனம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. அன்று காலை அவர்கள் கையில் வாங்கிய தாள்கள் எல்லாம் என் வாய் வார்த்தையால் அச்சானவை. அதை யாரிடம் சொல்வது?

பொலிசில் வைத்திருந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அடிக்கவில்லை. கேள்விகள்தான். எங்கே படித்தாய், யார் அனுப்பினார்கள், சேர்வருக்குள் இருந்தது யாருக்குப் போகிறது. நான் ஒரே எண் இரண்டு இடத்தில் என்று மறுபடி மறுபடி விளக்கினேன். விளக்க விளக்க, எனக்கு நிறையத் தெரியும் என்று எழுதிக்கொண்டார்கள். அதே அறையில் வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தாள். துணிக்கடையில் வேலை செய்தவள், அடையாள அட்டை இல்லாமல் வெளியே வந்ததற்காகப் பிடித்திருந்தார்கள்.

"அங்கன ஒக்காராதீங்க, தண்ணி ஒழுகும். இப்படி வாங்க," என்று தன் பக்கத்தில் இடம் விட்டாள். அங்கே எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அதுதான்.

ஒருநாள் காலை திடீரென்று போகலாம் என்றார்கள். அந்த அதிகாரியே வந்து பையைத் தந்தார். உங்கள் டிரைவர் வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றார். சனிக்கிழமை இரத்தப் பெட்டியை இறக்கக் கவுண்டரில் நின்றபோது, மேனேஜரின் மகன் எண் கேட்டதையும் அந்தப் பிள்ளை சொன்னதையும் நேரில் கண்டதாகச் சொன்னாராம். முதல் நாள் விரட்டிவிட்டோம், எழுதும்வரை தினமும் வந்து வாசலில் நின்றான் என்று சொல்லிச் சிரித்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் என் உடுப்புப் பெட்டி விறாந்தையில் இருந்தது. வீட்டுக்கார அம்மா அழுதபடி, "எங்களையும் கேட்பார்கள் மகள், எங்களுக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்," என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. லாப்புக்குப் போனேன். மேனேஜர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். காலம் இப்படி இருக்கிறது, யாரையும் பிழை சொல்ல முடியாது, கொஞ்ச நாளைக்கு வராமல் இருப்பது உனக்கும் நல்லது என்றார். பிறகு பாஸ்வேர்டைக் கேட்டார். சொன்னேன். சொல்லாமல் விட்டால் கவுண்டரில் நிற்கிற காய்ச்சல்காரர்களுக்குத்தானே கஷ்டம். திரும்பும்போது அந்தப் பிள்ளை கவுண்டரில் குனிந்து இரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தாண்டும்வரை நிமிரவில்லை.

வான் வாசலில் இல்லை. புது டிரைவர் எடுத்துப் போயிருப்பதாகக் காவலாளி சொன்னார்.

மடவளைக்கு பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது நானாவின் மனைவி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள?"

ஓம் என்றேன். உள்ளே வரச் சொன்னார், கதிரை போட்டார், பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நானாவை, வாக்குமூலம் கொடுத்த மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போன இடத்தில் யாரோ, தமிழ்ப் பிரச்சினையில் நீ ஏன் தலைபோட்டாய், நாளைக்கு ஊருக்கே கரைச்சல் வந்தால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டிருக்கிறார்கள்.

"அவரு செஞ்சது பிழன்னு நான் செல்லல்ல," என்றார் அந்தப் பெண். "ஆனா மூணு புள்ளைகள் ஈக்கிது, தங்கச்சி. நீங்க வெளிய வந்துட்டீங்க. நாங்க உள்ள போயிட்டோம்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

நானா வந்தார். என்னைக் கண்டதும், "அல்ஹம்துலில்லாஹ், விட்டுட்டானுகளா?" என்று மலர்ந்து கேட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் என்ன பேச்சு நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

"ஏன் நானா எனக்காக இவ்வளவு செய்தீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்காகன்னு இல்ல. கண்ணால கண்டத்த சென்னேன். காணாதமாதிரி இருக்க ஏலல்ல." பிறகு என்னிடம் கேட்டார்: "ஏன் தங்கச்சி, அந்தப் புள்ள அத செல்லல்ல? ஒங்களோட அவ்வளவு ஒத்துமையா ஈந்தாளே."

"எனக்குத் தெரியேல்லை நானா," என்றேன்.

அந்த வாரமே கண்டியை விட்டுக் கொழும்புக்குப் போனேன். பிறகு நாட்டையும் விட்டேன். நானாவின் வீட்டுக்கு இரண்டு தடவை போன் எடுத்தேன். முதல் தடவை பேசினார், கூலிக்கு வான் ஓட்டுவதாகச் சொன்னார். இரண்டாவது தடவை அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பிள்ளையை நினைத்துப் பல காலம் கொதித்தேன். அண்ணன் முன்னரங்கில் நிற்கும்போது ஒரு தமிழச்சிக்காகப் பேசினால் என்ன நடக்குமோ என்று பயந்திருப்பாள் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. விளங்கியதால் கசப்புக் குறையவில்லை. இன்றும் இதே வேலைதான் செய்கிறேன். தொடர்பு அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் நன்றி சொல்கிறார்கள், சம்பளம் தருகிறார்கள். ஆனால் வயர்களைக் கழற்றிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது: எல்லோர் கண் முன்னாலும் நான் நிரூபித்துக் காட்டிய உண்மை என்னைக் காப்பாற்றவில்லை, தன் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைத்து ஒரு மனிதர் வாய் திறக்க வேண்டியிருந்தது, அப்படி ஒருவர் இல்லாமல் அந்த அறைகளுக்குள் போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போது, வெளியே வந்தவள் என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு நிம்மதியும் இல்லை.